கொழும்பு நெரிசலில் ஒளிந்துகொள்ளும் தெர்மோஸ்டாட் கோளாறு

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட், ரேடியேட்டருக்குப் போய் ஆறும் வழியைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் சிறிய வால்வுதான் தெர்மோஸ்டாட். கொழும்பில் ஓடும் ஒரு காரில் அது திறந்தபடியே இறுகிவிட்டால், சொந்தக்காரருக்குத் தெரியவர மாதக்கணக்காகும். சிலருக்குத் தெரியவே வராது. குளிர் நாடுகளில், ஹீட்டரில் சூடு வரவில்லையே என்று முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிடும். இங்கே ஹீட்டர் குமிழைத் திருகிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? காலையிலேயே 27, 28 பாகை. மத்தியானம் 31, 32. காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை ஊர்ந்து போகும் வாகனத்தின் எஞ்சின் எப்படியும் சூடாகிவிடும். பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கிறது என்ற முணுமுணுப்பு மட்டும் மிஞ்சும். அந்தப் பழியையும் நெரிசலின் தலையில் போட்டுவிடலாம்.

மூடியபடி இறுகுவது வேறு கதை. அது ஒளியாது. முள் ஏறும், சிவப்பு விளக்கு எரியும், பொனட்டுக்குள் இருந்து ஆவி கிளம்பும். அதனால் இந்த ஊரில் தெர்மோஸ்டாட் பழுது என்றாலே எல்லோர் மனதிலும் வருவது கொதிப்புதான். "இது வெக்கை நாடு சேர், இந்தச் சாமான் இங்க தேவையில்ல, கழற்றி விடுவம்" என்ற கராஜ் வைத்தியம் பிறந்ததும் அந்தப் பயத்தில்தான். அந்த வைத்தியம் ஏன் பிழை என்று பிறகு பார்ப்போம். முதலில், கூலண்டின் வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்க்கலாம். ஒரே ஒரு எண் எதையும் சொல்லாது. வண்டி நிற்கும்போது என்ன, ஓடும்போது என்ன, வேகம் கூடக்கூட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மெழுகு செய்யும் வேலை

சாதாரணத் தெர்மோஸ்டாட்டுக்குள் மின்சாரம் எதுவும் இல்லை. ஒரு சிறிய பித்தளைக் கிண்ணத்துக்குள் மெழுகுக் கலவை, அதில் செருகிய ஒரு ஊசித் தண்டு, தண்டோடு ஒரு வால்வு, வால்வை மூடிப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். அவ்வளவுதான். மெழுகு உருகும்போது அதன் கனவளவு சுமார் 10 முதல் 15 வீதம் வரை கூடும். அந்த வீக்கம் தண்டைத் தள்ள, ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கிறது. ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். 1930களில் அமெரிக்கரான செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய இந்த அமைப்பு, பெரிய மாற்றம் இல்லாமல் இன்றைய வண்டிகளிலும் இருக்கிறது.

எந்தப் பாகையில் திறக்கும் என்பது மெழுகுக் கலவையைப் பொறுத்தது. ஜப்பானிய வண்டிகளுக்கு வரும் தெர்மோஸ்டாட்களில் 76.5, 82, 88 என்ற எண்கள் பொறித்திருக்கும். அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை. முழுதாகத் திறக்க இன்னும் 10, 13 பாகை ஏற வேண்டும். டொயோட்டாவில் வழக்கமாக வரும் 82 பாகைத் தெர்மோஸ்டாட்டுக்கு, 95 பாகையில் வால்வு 10 மில்லிமீற்றராவது எழ வேண்டும் என்பது அளவு. எனவே நல்ல நிலையில் உள்ள ஒரு தெர்மோஸ்டாட் ஓடிக்கொண்டிருக்கும்போது முழுக்கத் திறந்தும் இருக்காது, முழுக்க மூடியும் இருக்காது. இடையில் எங்கோ நின்று கொஞ்சம் கொஞ்சமாக அசைந்துகொண்டிருக்கும். கூலண்ட் 82க்கும் 92க்கும் இடையில் எங்காவது நிலைகொள்வது அதனால்தான்.

மெழுகு கசிந்துபோனால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. ஸ்பிரிங் வால்வை மூடிவிடும், எஞ்சின் கொதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ, வால்வு உட்காரும் இடத்தில் துருவும் உப்புப் படிவும் சேர்ந்தாலோ, ரப்பர் வளையம் கிழிந்தாலோ வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் குளிர்ந்தே ஓடும். சில தயாரிப்புகளில் ஒருமுறை அளவுக்கு மீறிக் கொதித்தால் வால்வு திறந்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும்படி வேண்டுமென்றே செய்திருப்பார்கள். அப்படிப்பட்ட வண்டியில் தண்ணீர் குறைந்து ஒரு தடவை கொதித்திருந்தால், பிறகு எஞ்சின் குளிர்ந்து ஓடுவதில் ஆச்சரியம் இல்லை.

உப்புப் படிவு பற்றி ஒரு வார்த்தை. கொழும்புக் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லிலிருந்து ஊறுவதால் கடினமானது. ஊருக்குப் போன இடத்தில் ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பிக்கொண்டு திரும்பும் வண்டிகள் நிறைய. கெத்தலின் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு தெர்மோஸ்டாட்டின் கிண்ணத்திலும், கூலண்டின் வெப்பத்தை அளக்கும் சென்சரின் நுனியிலும் படியும். மெழுகுக்குச் சூடு போய்ச் சேரத் தாமதமாகும். வால்வு பிந்தித் திறக்கும், பிந்தி மூடும்.

முள்ளை நம்ப வேண்டாம்

டாஷ்போர்டில் உள்ள வெப்ப முள் பெரும்பாலான நவீன கார்களில் உண்மையைச் சொல்வதில்லை. கூலண்ட் ஏறத்தாழ 75 பாகையில் இருந்தாலும் 100 பாகையில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி தயாரிப்பாளர்களே அமைத்துவிடுகிறார்கள். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வாடிக்கையாளர் பதறிப்போய் சேர்விஸ் நிலையத்துக்கு ஓடிவரக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. முள் நடுவை விட்டு நகரும்போது விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

வகன் ஆர் போன்ற சிறிய வண்டிகளில் அந்த முள்ளும் இல்லை. குளிர்ந்திருக்கும்போது எரியும் ஒரு நீல விளக்கும் அதிகம் சூடானால் எரியும் ஒரு சிவப்பு விளக்கும்தான். நீல விளக்கு எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்கு வெகு முன்னரே அணைந்துவிடும். எனவே அது அணைந்ததை வைத்து எஞ்சின் சரியான சூட்டுக்கு வந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. மறுபக்கம், காலையில் அது அணைய முன்பைவிட அதிக நேரம் எடுக்கிறது என்றால், அதுவே ஒரு துப்பு. ஹைவேயில் போகும்போது அது திரும்ப எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஆகவே ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முனைப் பொருத்தியில் செருகும் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்று வேண்டும். இஎல்எம் 327 என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவையே இந்த வேலைக்குப் போதும். கைப்பேசியில் டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஏதாவது ஒரு செயலி. அதில் கூலண்ட் வெப்பநிலை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை, வேகம் ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பதியவிட்டால் போதும். 2000க்கு முந்திய ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் பொருத்தி இருக்கும், ஆனால் உள்ளே பேசும் மொழி வேறாக இருப்பதால் இந்த மலிவு ஸ்கேனர் இணையாது. அவற்றுக்குக் கராஜ் ஸ்கேனர்தான் கதி.

சென்சர் பொய் சொல்கிறதா?

தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லுமுன் சென்சரை விசாரிக்க வேண்டும். நல்ல வேளையாக அது மிக எளிது. இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஒன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் பாருங்கள். இரண்டும் வெளிக் காற்றோடு ஒத்துப்போக வேண்டும். கொழும்பில் அது 26 முதல் 29 வரை இருக்கும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று பாகை வித்தியாசம் பரவாயில்லை. காற்று 28 என்றும் கூலண்ட் 17 என்றும் காட்டினால் சென்சரிலோ வயரிலோ பிழை.

கூலண்ட் சென்சர் என்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு துண்டு. டொயோட்டா வகைச் சென்சரில் 20 பாகையில் சுமார் 2.4 கிலோ ஓம், 80 பாகையில் சுமார் 0.3 கிலோ ஓம். கடற்கரைக் காற்றில் பச்சை பூத்த ஒரு பொருத்தி வெறும் 100 ஓம் கூடுதலாகச் சேர்த்தால் போதும். குளிர் நிலையில் அது ஒரு பொருட்டே அல்ல, இரண்டு பாகைகூட மாறாது. ஆனால் 80 பாகையில் அது 0.3 ஐ 0.4 ஆக்கி, கணினிக்குக் கிட்டத்தட்ட பத்துப் பாகை குறைத்துக் காட்டும். அதாவது காலைச் சோதனையில் தேறிய சென்சர் சூட்டில் பொய் சொல்லலாம். தெர்மோஸ்டாட் திறந்தபடி இறுகியதற்கும் இதற்கும் முதல் பார்வையில் வித்தியாசம் தெரியாது. வேறுபடுத்தும் வழி, சூடான எஞ்சினில் ஹோஸ் பொருந்தும் இடத்தை அகச்சிவப்புக் கருவியால் அளந்து ஒப்பிடுவது. பளபளக்கும் அலுமினியத்தில் குறிவைத்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். கறுப்பு ரப்பரிலோ, ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டியோ அளக்க வேண்டும்.

ஸ்கேனரில் −40 என்று தெரிந்தால் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. இந்த அளவு ஒரே ஒரு பைட்டாக அனுப்பப்படுகிறது. 0 முதல் 255 வரை வரும் எண்ணிலிருந்து 40 ஐக் கழித்தால் பாகை. சுழியம் வந்தால் −40 தானே. டொயோட்டா வண்டிகளில் சென்சர் சுற்றில் கோளாறு பதிவானதும் கணினி கூலண்டை 80 பாகை என்று தானே வைத்துக்கொண்டு ஓட்டும்.

கோடு எப்படி ஏறுகிறது

சரி, சென்சர் நம்பத்தகுந்தது என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த எஞ்சினிலிருந்து பதிவைத் தொடங்கி வழக்கம்போல ஓட்டுங்கள்.

நல்ல தெர்மோஸ்டாட் என்றால் செயலி வரையும் கூலண்ட் வெப்பநிலைக் கோடு 28 இலிருந்து ஒரே சீராக ஏறும். சிறிய எஞ்சின்களில் ஓட்டத்திலேயே பத்து நிமிடத்துக்குள் 80 ஐ எட்டிவிடும். 82 முதல் 88 வரையான இடத்தில் கோட்டில் ஒரு முறிவு தெரியும். சில வண்டிகளில் இரண்டு மூன்று பாகை கீழே இறங்கிவிட்டு மீண்டும் ஏறும். வால்வு முதல் தடவை திறந்து, ரேடியேட்டருக்குள் இதுவரை ஆறியிருந்த கூலண்ட் எஞ்சினுக்குள் வரும் நேரம் அது. அந்தச் சின்னப் பள்ளம் ஒரு நல்ல அறிகுறி. அதன்பிறகு கோடு ஏறத்தாழப் படுக்கையாகிவிடும்.

திறந்தபடி இறுகிய தெர்மோஸ்டாட்டில் இந்த முறிவே இருக்காது. ஆரம்பத்திலிருந்தே கூலண்ட் ரேடியேட்டர் வழியாகச் சுற்றுவதால் கோடு சோம்பலாக ஏறும். 60க்கு மேல் இன்னும் தயங்கும். எங்கே நிற்கும் என்பது அன்றைய பாதையைப் பொறுத்தது. இதில்தான் கொழும்பு ஏமாற்றுகிறது. நெரிசலில் நின்று நின்று போகும்போது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் சூட்டையும் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குள் வரும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். வண்டியின் சொந்த வேகத்தால் வரும் காற்று இல்லை. அப்போது இறுகிய தெர்மோஸ்டாட்டோடும் கூலண்ட் 80ஐத் தாண்டி நிற்கலாம். பார்ப்பவர் எல்லாம் சரி என்றுதான் சொல்வார்.

அதே வண்டியைப் பேலியகொடையில், கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் அதிவேகப் பாதையில் ஏற்றுங்கள். லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ வரும் சொந்தத்தை ஏற்றிவர எப்படியும் மாதத்துக்கொருமுறை போகிற பாதைதானே. சுமார் 26 கிலோமீற்றர், கிட்டத்தட்ட மட்டமான ரோடு, சோதனைக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. 80, 90 வேகத்தில் ஐந்து நிமிடம் நிலையாக ஓடியதும் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் வால்வைச் சற்றுச் சாத்திக்கொண்டு கூலண்டை 82க்கு மேலேயே பிடித்து வைத்திருக்கும். இறுகியது 75, 70 என்று இறங்கி, 65 வரைகூடப் போகும். கட்டணச் சாவடியில் நின்றதும் மீண்டும் ஏறத் தொடங்கும்.

வேகமாகப் போனால் எஞ்சின் இன்னும் சூடாகத்தானே வேண்டும் என்று தோன்றலாம். சூடு கூடுதலாகத்தான் பிறக்கிறது. ஆனால் ரேடியேட்டர் என்பது ஆட்களும் சாமானும் ஏற்றிய வண்டி, கடும் வெயிலில் கடுகண்ணாவை மாதிரி ஏற்றத்தில் ஏறினாலும் தாங்கும் அளவுக்குப் பெரிதாகக் கட்டப்பட்டது. மட்டமான பாதையில் 90 வேகத்தில் அதன் பலத்தில் பாதிகூடத் தேவைப்படாது. மீதியை அடக்கி வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அடக்க ஆள் இல்லாதபோது ரேடியேட்டர் அளவுக்கு மீறிக் குளிர்விக்கிறது. வேகம் கூடும்போது வெப்பநிலை இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நிற்கிறது என்று, என் கணிப்பில், பத்துக்கு ஒன்பது தடவை துணிந்து சொல்லலாம்.

அந்தப் பத்தாவது தடவை எது? முன்பு யாரோ 82க்குப் பதிலாக 76.5 பாகைத் தெர்மோஸ்டாட்டைப் போட்டிருப்பார்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும், உருவம் ஒன்றுதான். அப்படிப்பட்ட வண்டி ஹைவேயில் 77, 78 இல் அசையாமல் நிற்கும். இறுகியதைப் போல் வேகத்தோடு சறுக்கிக்கொண்டே போகாது. ஆக, எண் எவ்வளவு குறைவு என்பதைவிட அது நிற்கிறதா நகர்கிறதா என்பதே முக்கியம்.

பிந்தித் திறக்கும் தெர்மோஸ்டாட்டின் கோடு இன்னொரு மாதிரி. 82ஐத் தாண்டி 96, 98 வரை ஏறிவிட்டு, திடீரென்று 84க்கு விழும். மறுபடி ஏறும், மறுபடி விழும். வாள் பல்லைப் போல மேலும் கீழுமாய் வரும் இந்தக் கோடு கூலண்ட் குறைந்து காற்று அடைத்திருக்கும்போதும் வரும். எனவே ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து மட்டம் பார்ப்பது இதற்கு முந்திய வேலை. சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. 1.1 என்று பொறித்த மூடி தரும் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அது ஆவியோடு பொங்கி முகத்தில் அடிக்கும்.

கொதிப்பு எல்லாம் தெர்மோஸ்டாட் அல்ல

வெப்பநிலை 105, 110 என்று ஏறும்போதும் வேகத்தோடு சேர்த்துப் பார்த்தால் பாதிக் குற்றவாளிகள் விலகிவிடுவார்கள். நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன், அதன் ரிலே, மோட்டார், அல்லது ரேடியேட்டருக்கு முன்னால் அடைத்திருக்கும் குப்பை. நகருக்குள் சரியாக இருந்து ஹைவேயிலும் ஏற்றத்திலும் ஏறினால் உள்ளே அடைபட்ட ரேடியேட்டர் அல்லது கூலண்டைச் சுற்றவைக்கும் பம்ப் தேய்ந்திருப்பது. நின்றாலும் ஓடினாலும், ஸ்டார்ட் செய்த பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் 100ஐத் தாண்டி விடாமல் ஏறுகிறது, ரேடியேட்டரோ குளிர்ந்தே இருக்கிறது என்றால்தான் மூடியபடி இறுகிய தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகி, ரிசேர்வ் போத்தலில் குமிழி வந்தால், அது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் ஹெட் காஸ்கெட் என்ற அடைப்புத் தகட்டின் பழுது. அங்கே தெர்மோஸ்டாட் மாற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

ஹோஸைத் தொட்டுப் பார்க்கும் பழைய முறை இப்போதும் நல்லதுதான், ஆனால் எந்த ஹோஸ் என்று தெரிந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் எஞ்சினிலிருந்து கூலண்ட் வெளியேறும் வாயிலில் இருந்தால், அது திறக்கும்வரை மேல் ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். டொயோட்டாவின் பல எஞ்சின்களில், விட்ஸ், அக்சியோ போன்றவற்றில் வரும் 1என்இசட் உட்பட, தெர்மோஸ்டாட் பம்பின் உள்வாயிலில், கீழ் ஹோஸ் வந்து சேரும் இடத்தில் இருக்கிறது. இவற்றில் மேல் ஹோஸ் மெல்ல மெல்லச் சூடாகத் தொடங்கிவிடும். அதை வைத்துத் தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கிறது என்று தீர்ப்பெழுதினால் பிழை. பார்க்க வேண்டியது கீழ் ஹோஸை.

கழற்றி எறிந்தால் என்ன?

இனி அந்த வெக்கை நாட்டு வைத்தியத்துக்கு வருவோம். வெளியே 30 பாகை என்றாலும் எஞ்சின் வேண்டுவது 85, 90. இடையில் இன்னும் 55, 60 பாகை இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கணினி கூடுதலாகப் பெற்றோல் தெளிக்கும். முழுச் சூட்டுக்கு வராத எஞ்சினில் அது நிற்காமல் தொடரும். எரிதலில் பிறக்கும் நீராவியும் எரியாத பெற்றோலும் எஞ்சின் ஒயிலில் கலந்து, ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தங்கும். ஒயில் மூடியின் அடியில் வெண்மையாய்க் குழைந்த படிவு தெரிந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

உள்வாயில் தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின்களில் இன்னொரு சங்கடம் உண்டு, அது பலருக்குத் தெரியாது. அந்தத் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். ரேடியேட்டர்ப் பக்கம் திறக்கும்போது, ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியை இந்தத் தட்டு அடைக்கும். முழுசாகக் கழற்றி எறிந்தால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். விளைவு, ஹைவேயில் அளவுக்கு மீறிக் குளிரும் அதே வண்டி, ஏற்றத்திலும் நெரிசலிலும் முன்பைவிடச் சீக்கிரம் கொதிக்கும். கொதிப்புக்குப் பயந்து கழற்றியவருக்குக் கொதிப்பே கிடைக்கும்.

ஹைபிரிட் வண்டிகளில் நட்டம் நேரடியாகத் தெரியும். பிரியஸ், அக்வா போன்றவை நின்றதும் எஞ்சினை அணைத்து பெற்றோல் மிச்சம் பிடிப்பவை. கூலண்ட் போதிய சூட்டுக்கு வரும்வரை கணினி எஞ்சினை அணைய விடாது. தெர்மோஸ்டாட் திறந்து கிடந்தால், வீதிச் சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் சூடேறுவதற்காக ஓடிக்கொண்டே இருக்கும். லீற்றருக்கு 20 கிலோமீற்றருக்கு மேல் ஓடிய வண்டி 16, 17க்கு இறங்கினால் எல்லோரும் முதலில் ஹைபிரிட் பற்றரியைத்தான் சந்தேகிப்பார்கள். பற்றரியின் விலையோடு ஒப்பிட்டால் தெர்மோஸ்டாட் சில்லறை. முதலில் கூலண்டைப் பார்ப்பதால் எதுவும் குறைந்துவிடாது. அக்வாவிலும் 2009க்குப் பிந்திய தலைமுறைப் பிரியஸிலும் கூலண்ட் பம்ப் மின்சாரத்தில் இயங்குவது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். பெல்ட் இல்லை. அந்தப் பம்ப் படுத்தால் ரேடியேட்டர் குளிர்ந்திருக்க எஞ்சின் கொதிக்கும், மூடியபடி இறுகிய தெர்மோஸ்டாட்டைப் போலவே தெரியும். கோளாறுக் குறியீட்டை வாசிக்காமல் இங்கே எதையும் கழற்றக் கூடாது.

குறியீடு என்றதும் பி0128 நினைவுக்கு வரும். எடுத்த காற்றின் அளவு, ஓடிய வேகம், தொடக்க வெப்பநிலை இவற்றை வைத்து, இந்நேரம் கூலண்ட் இவ்வளவு சூடாகியிருக்க வேண்டும் என்று கணினி ஒரு கணக்குப் போடும். உண்மை அதைவிடப் பின்தங்கினால் பதியும் குறியீடு இது. வந்தால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட்தான், அல்லது கூலண்ட் குறைவு. வராவிட்டால் தெர்மோஸ்டாட் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எல்லாச் சந்தைகளுக்குமான வண்டிகளிலும் இந்தக் கண்காணிப்பு இருக்காது. இருந்தாலும் கொழும்பு வெயிலில் எஞ்சின் அந்த எல்லையை எப்படியோ தொட்டுவிடும்.

ஐரோப்பிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிஎம்டபிள்யூ போன்றவற்றில் தெர்மோஸ்டாட்டுக்குள் சிறிய ஹீட்டர் இருக்கும், எப்போது திறப்பது என்பதைக் கணினி தீர்மானிக்கும். மெல்ல ஓட்டும்போது 100ஐத் தாண்டி 105 வரை நிற்பது அவற்றின் வழக்கம். மேலே சொன்ன எண்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்த்துப் பதற வேண்டாம்.

மாற்றும்போது

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் விற்றுவிட்டுப் புதிது எடுக்கலாம் என்ற வழியே இல்லாமல், இருந்த வண்டிகளையே ஓட்டினோம். பத்து, பன்னிரண்டு வயதைத் தாண்டிய கார்களில் கம்பனியில் போட்ட அதே தெர்மோஸ்டாட் இன்னும் இருப்பது சாதாரணம். பழைய எஞ்சினோடு வந்த பாவித்த தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தருகிறேன் என்று பஞ்சிகாவத்தையில் யாராவது சொன்னால் வேண்டாம் என்று விடுங்கள். பாவித்த கதவும் பாவித்த பம்பரும் வாங்கலாம். பாவித்த மெழுகை வாங்குவதில் அர்த்தமில்லை.

புதியதையும் பூட்டுமுன் சோதிக்கலாம். ஒரு பழைய சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை அடியில் தொடாதபடி நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு பாகை முன்னே பின்னே திறக்கத் தொடங்க வேண்டும். 82 பாகைத் தெர்மோஸ்டாட் என்றால் 95இல் நன்றாகத் திறந்திருக்க வேண்டும். ஆறவிட்டால் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதால் இது சரிவரும். நுவரெலியாவில் இருப்பவர் செய்தால் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், முழுத் திறப்பைப் பார்க்க முடியாது.

பூட்டும்போது, தெர்மோஸ்டாட்டின் தட்டில் ஒரு சிறு துளையில் தளர்வாக ஆடிக்கொண்டிருக்கும் ஊசி மேல்பக்கம் இருக்க வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறுவது அந்தத் துளையால்தான். ரப்பர் வளையம் கட்டாயம் புதிது. கூலண்ட் நிரப்பி, மூடியைத் திறந்தபடி ஓடவிட்டு, குமிழி நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மின்பம்ப் உள்ள ஹைபிரிட்களுக்குக் காற்றெடுக்கத் தனி முறை உண்டு, அதை அறிந்த கராஜில் கொடுப்பது நல்லது. பிறகு அதே கட்டுநாயக்கப் பாதையில் அதே வேகத்தில் ஒரு பதிவு. கோடு 82க்கு மேல் படுக்கையாக நின்றால் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஆறிய எஞ்சினில் மட்டம் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் உள்ளே இருந்த காற்று வெளியேறியிருக்கும், நிரப்பிவிடலாம். அதற்கடுத்த நாளும் இறங்கினால் கழற்றிப் பூட்டிய இடத்து ரப்பர், ஹோஸ் கிளிப், பம்பின் அடியில் உள்ள கசிவுத் துளை என்று ஒழுக்கைத் தேட வேண்டியதுதான்.